பதினான்காம் நாள் கையொப்பம்

திருகோணமலை நகரில் இருபத்திரண்டு ஆண்டுகள் தபால் பகிர்ந்த ஸஹாப்தீன், கையொப்பமின்றிப் பதிவுப் பொதி எதையும் எவரிடமும் கொடுத்ததில்லை. பெறுநர் இல்லையெனில் அவ்வீட்டில் வாழும் முதிர்ந்தவர் ஒருவர் தம் பெயரையும் உறவையும் எழுதிப் பெறலாம். எழுத அறியாதார் சாட்சியின் முன் பெருவிரல் பதிக்கலாம். பிறர் பெயரை எவரும் இடலாகாது. "பெண்சாதி தேத்தண்ணி குடுத்தாலும் ஒப்பம் வைச்சுத்தான் குடிப்பார்" என்று கடைத்தெருவில் நகைப்பார்கள். அவரும் உடன் நகைத்துக்கொண்டே புத்தகத்தை நீட்டுவார்.

1986 ஆவணியில், மேற்கு ஜெர்மனியிலிருந்து யோகலிங்கம் என்பவர் பெயருக்குச் சிறு பொதியொன்று வந்தது. அதனோடு ஓர் இளஞ்சிவப்பு அட்டையும் இருந்தது. பெற்றவர் ஒப்பமிட்டபின் அனுப்பியவரிடமே திரும்பிச் செல்லும் அட்டை அது. அனுப்பியவன் அவருடைய ஒரே மகன் நிமலன். யோகலிங்கமோ பத்து நாட்களுக்கு முன், ஊரடங்கு வேளையில் நெஞ்சுவலி கண்டு, வைத்தியசாலை செல்ல வழியின்றி உயிர்நீத்திருந்தார்.

பொதியோடு வீட்டுக்கு வந்த ஸஹாப்தீனுக்கு யோகலிங்கத்தின் மனைவி குணேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ தம்பி. என்ன சாமான்?"

"மூக்குக்கண்ணாடி எண்டு எழுதியிருக்கு, அக்கா."

"கண் தெரியேல்லை எண்டு வைகாசியில எழுதுவிச்சவர்" என்றார் அவர். பேனையை வாங்கிக் கணவர் பெயரின் முதலெழுத்தைத் தொடங்குமுன், ஸஹாப்தீன் அட்டையைக் கையால் மறைத்தார்.

"அவர்ர பேர் வைக்கேலாது அக்கா. உங்கட பேரை வையுங்கோ. பக்கத்தில மனைவி எண்டு எழுதுங்கோ."

"என்ர பேரைக் கண்டால் அப்பா ஏன் வைக்கேல்லை எண்டு கேப்பான். அவனுக்கு இன்னும் சொல்லேல்லை. கொள்ளி வைச்சது அவர்ர தமையன்ர மகன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்காவது நான் நிக்கவேணும் எண்டு இவன் வெளிக்கிட்டுவிடுவான். வாற வழியில எத்தனை ஆமிச் சென்றி? இந்த வயசுப் பொடியனை விடுவாங்களே?"

"பொய் ஒப்பத்தை நான் கொண்டுபோகேலாது அக்கா."

"போன மாதம் பிடிச்சுக்கொண்டு போன பொடியளுக்கு ஆர் ஒப்பம் வைச்சுக் குடுத்தது, தம்பி?"

ஸஹாப்தீன் புத்தகத்தை மூடினார். பையைத் தோளிலிட்டுப் படலை வரை சென்றவர், அங்கே நின்று விரல்களை மடக்கி எண்ணினார். பின் திரும்பி வந்தார்.

"அந்தியேட்டிக்கு இன்னும் எத்தனை நாள்?"

"இருபத்தொண்டு."

"பொதியை ஆரும் எடுக்காட்டி, தபால் கந்தோரில பதினாலு நாள் கிடக்கலாம். இப்ப நான் அறிவித்தல் துண்டு மட்டும் வைச்சிட்டுப் போறன். கடைசி நாள் வந்து உங்கட பேரில ஒப்பம் வையுங்கோ. பிறகு அட்டை அங்க போய்ச் சேர எப்பிடியும் பத்து நாளாகும்."

குணேஸ்வரியும் மனத்துள் கூட்டிப் பார்த்தார். "அதுக்குப் பிறகு?"

"அண்டைக்கே நீங்களும் ஒரு கடிதம் போடுங்கோ. அட்டையைப் பாத்து உங்கட மகன் அறியக்கூடாது."

பதினான்காம் நாள் குணேஸ்வரி தபாலகத்துக்கு வந்தார். வெற்று நெற்றியோடு முகப்பில் நின்று, 'குணேஸ்வரி, மனைவி' என்று தெளிவாக எழுதினார். அட்டையையும் அவர் கொணர்ந்த கடிதத்தையும் ஸஹாப்தீன் தம் கையாலேயே பைக்குள் இட்டார். அன்று தொட்டு வெளிநாட்டுத் தபாற்பை அவிழும்போதெல்லாம் அருகில் போய் நின்றார். மகன் புறப்பட்டுவிட்டான் என்ற செய்தி எப்போது வருமோ என்னும் அச்சம் அவரையும் பற்றியிருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு பதிவுக் கடிதம் வந்தது. ஸஹாப்தீன் முதலில் முத்திரையைப் பார்த்தார்: ஜெர்மனி. அனுப்பிய நாளைப் பார்த்தார்: அந்தியேட்டி கழிந்து பல நாட்களாகியிருந்தன. பின்னரே பெயரைப் பார்த்தார். 'திருமதி குணேஸ்வரி' என்றிருந்தது. அன்று பகிர்வில் முதல் வீடு அதுவே.

குணேஸ்வரி ஒப்பமிட்டு, அந்தப் புதிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்ற நிலையிலேயே கடிதத்தை வாசித்து முடித்தார்.

"ஏசியிருக்கிறான், தம்பி. ரெண்டு பக்கம்."

"ஏசட்டும் அக்கா" என்றார் ஸஹாப்தீன், நனைந்த புத்தகத்தைத் துடைத்தபடி. "அங்கயிருந்துதானே ஏசுறார்."