லிச்சென்ஸ்டைனுக்காக அம்மா குசினியில் நின்ற நாள்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் தமிழ்ப் படிப்பு நின்றுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி. பார்க்க வந்தவர்கள் மாட்டுமணிகளை ஆட்டினார்கள். அந்தச் சத்தம் என்னைச் சிறு வயதில் நாங்கள் இருந்த அகதி விடுதிக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே பொதுவறையில் கழற்றிவிட்ட ஈரச் சப்பாத்தும் கறித்தூளும் சேர்ந்து மணக்கும். இருந்த ஒரே தொலைக்காட்சியின் முன்னால் எங்கள் பெரியவர்கள் லிச்சென்ஸ்டைனுக்காகக் கத்துவார்கள்.

"இந்தக் குட்டி நாட்டில எங்கட வடமராட்சிச் சனத்தில பாதிகூட இல்லை. ஆனா ஒலிம்பிக்கில எத்தினை பதக்கம், பாருங்கோ!" என்பார் அப்பா.

ஒருமுறை அந்த நாட்டு வீரர் முதல் சுற்றில் நன்றாகச் சறுக்கினார். அப்போது அம்மா குசினியில் கறி கிளறிக்கொண்டிருந்தார். அதுதான் ராசி என்று அம்மாவின் தம்பி, என் மாமா, முடிவுகட்டிவிட்டார்.

"அக்கா, ரெண்டாம் சுற்று முடியுமட்டும் வெளிய வராதேங்கோ!"

"அப்ப நான் எப்பதான் பாக்கிறது?"

இரண்டாம் சுற்றில் வீரர் பாதி மலை இறங்கியபோது அம்மா அகப்பையோடு வந்து நின்றார்.

"ஐயோ அக்கா, உள்ளுக்குப் போங்கோ! பதக்கம் போகப்போகுது!"

"போனாப் போகட்டும். நான் அசையமாட்டன்."

வீரருக்கு வெண்கலம் கிடைத்தது. எல்லோரும் சட்டி மூடிகளைத் தட்டினார்கள்.

"இனி ஆர் குசினிக்குள்ள?" என்றார் அம்மா.

மாமா அகப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதன்பிறகு போட்டி நாட்களில் தொலைக்காட்சிக்கு முன் கதிரை அம்மாவுக்கு, அடுப்பு மாமாவுக்கு. கறியில் உப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஒருவழியாக இதை எழுதி முடித்தது: 2026 பெப்ரவரி 14, சனிக்கிழமை.