ஜெபசெல்விக்குக் கிடைத்த பாடு

ட்ரோன் ஓட்டச் சான்றிதழ் வாங்கிய ஆள் எங்கள் ஊரில் ஒருத்திதான். என் சித்தப்பா சின்னப்பனின் மகள் ஜெபசெல்வி. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவள் இன்று என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் எனக்கு வயிறு எரியும். நான் பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியில் ஏறுகிறவர்களிடம் சொல்லியாவது அந்த எரிச்சலைத் தணிக்கப் பார்க்கிறேன், தணிய மாட்டேன் என்கிறது.

ஏரியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஏரி பெரிதுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் இறங்கி நல்ல இடத்தில் வலை போட்டுவிட முடியாது. எந்த இடத்தில் எந்தக் குடும்பம் எந்த நாளில் வலை போடலாம் என்று சில குப்பத்துக்காரர்கள் சீட்டுக் குலுக்கித் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்த உரிமை உள்ளவர் பாட்டுக்காரர். எங்கள் தெருவுக்குப் பாடு கிடையாது. நாங்கள் கண்டதெல்லாம் படுகிற பாடுதான்.

பாடு இல்லாதவர்கள் இறால் தடவலாம். மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவ வேண்டும். அகப்படும் இறாலைக் கழுத்தில் தொங்கும் ஓலைக் கூடையில் போட வேண்டும். கிளிஞ்சல் விரலைக் கிழிக்கும், நகக்கண்ணில் சீழ் வைக்கும். ஜெபா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இதைத்தான் செய்தாள். இந்தச் சேற்றிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

சித்தப்பாவுக்கு இருந்த ஆசை வேறு. ஒவ்வொரு வருஷமும் சீட்டுக் குலுக்கும் நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பாட்டுக்காரர்களின் கூட்டத்துக்கு வெளியே நிற்பார். "எங்களுக்கும் ஒரு மொற குடுங்கய்யா" என்று கேட்பார். "அடுத்த வருசம் பாக்கலாம், சின்னப்பா" என்பார்கள். அடுத்த வருஷமும் அதே பதில் வரும். முழங்கால் போய் ஏரியில் இறங்க முடியாமல் ஆன பிறகும், கேட்பதை மட்டும் அவர் விடவில்லை.

வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்டப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று மகளிர் குழுவில் சொன்னதும் ஜெபா முதலில் கை தூக்கினாள். காட்டூரில் நெல் போடும் வேதாசலம், "வா தாயி, என் கழனிய நீயே அடிச்சிக் குடு" என்று அப்போதே சொல்லி வைத்தார். அவள் பயிற்சிக்குப் போய் வந்தாள். வண்டிக்கு நம்பர் மாதிரி ட்ரோனுக்கும் பதிவு எண் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்தான் ஓட்ட வேண்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் ஓட்டக் கூடாது. இதையெல்லாம் என் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து ஒப்பிப்பாள். பரீட்சை எழுதிப் பாஸும் பண்ணினாள். தெருப் பையன்கள் 'பைலட் ஜெபசெல்வி' என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் போட்டோ மட்டும் அவளுடைய ஆதார் கார்டிலிருந்து எடுத்தது.

மகளிர் குழுவின் பேரில் அரசாங்கம் கொடுத்த ட்ரோனும் வந்து சேர்ந்தது. பெட்டியே பாதி வீட்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் அவள் போனில் எங்கள் பக்கத்து ட்ரோன் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். பச்சை என்றால் சொல்லப்பட்ட உயரம் வரை பறக்கலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டுப் பறக்க வேண்டும், சிவப்பு என்றால் டெல்லியே மனம் வைத்தால்தான் உண்டு என்று படித்திருந்தாள். எங்கள் ஊர் சிவப்பு. ஏரி சிவப்பு. விரலால் நகர்த்திக்கொண்டே போனாள், காட்டூரும் சிவப்பு. பெட்டியை அனுப்பியவர்களும் வானத்தைப் பூட்டியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

அனுமதி கேட்டு விண்ணப்பித்தாள். பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. அதற்கப்புறம் எத்தனை முறை திறந்து பார்த்தாலும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை படகுச் சவாரிக்கு வருகிற பட்டணத்துப் பையன்கள் யாரையும் கேட்காமல் எதையோ பறக்கவிட்டுப் பூநாரைகளைக் கலைத்துவிட்டுப் போகிறார்கள். முறையாகக் கேட்டவளுக்குத்தான் தடை. கேட்டவள் வீட்டிலோ பேட்டரி கெட்டுவிடக் கூடாதே என்று சார்ஜ் போட்டு எடுத்து வைப்பதே பெரிய வேலையாகிவிட்டது.

ஒருநாள் சித்தப்பா கேட்டார், "ஏம்மா, மிஷினு எப்பத்தான் மேல போவும்?"

"இங்க வுடக் கூடாது நைனா. மேப்புல செவப்பு."

"செவப்புன்னா இன்னா?"

ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடும் இடம், பறவைகள் சரணாலயம் என்று ஜெபா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். "ராக்கெட்டு போற வழில இது போய் இடிக்கப் போவுதா?" என்றார் அவர். சலித்துப்போய்க் கடைசியில் அவருக்குப் புரிகிற சொல்லாக ஒன்றைச் சொன்னாள்: "வானத்துலயும் பாடு இருக்குது நைனா. நமக்கு அங்க பாடு இல்ல."

வேறு எந்த ஊரிலும் அந்தச் சொல்லால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சித்தப்பா சட்டையைத் தேடினார். நொண்டிக்கொண்டே போய்ப் பாட்டுக்காரர்களின் பெரியவர் சம்பந்தத்தின் முன்னால் நின்றார். "ஏரியில கேட்டேன், குடுக்கல. வானத்துலயாச்சும் என் பொண்ணுக்கு ஒரு மொற குடுங்கய்யா!"

சம்பந்தத்துக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். வானமும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று ஒருவன் வந்து நின்றால் யாருக்குத்தான் கசக்கும்? கூட்டம் போட்டார்கள். காசு செலவில்லாத தானம்தானே, தாராளமாகச் செய்தார்கள். அமாவாசை கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வானத்தில் சின்னப்பன் குடும்பத்துக்குப் பாடு என்று முடிவானது.

ஜெபாவுக்கு விஷயம் தெரிந்தபோது சித்தப்பா தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்து முடித்திருந்தார். அவள் சம்பந்தத்தின் வீட்டுக்கே ஓடினாள்.

"அண்ணே, இது கவர்மெண்ட் ரூல்ஸ். நீங்க குடுத்து நான் வுட முடியாது. வுட்டா கேஸ் ஆயிடும், லைசென்ஸும் பூடும்."

"ரூல்ஸெல்லாம் நாங்க பேசிக்கறோம். நீ அன்னிக்கு வந்து வுடு. எங்க வார்த்தைக்கு மேல ஒரு வார்த்த இந்த ஏரியில இருக்குதா?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். "எங்கப்பனுக்குக் கெடைக்கல, எனக்குக் கெடைக்கல, உனக்குக் கெடச்சிச்சே ஜெபா" என்றார். அவள் அப்படியே வெளியே வந்துவிட்டாள். என்னிடம் வந்து, "இன்னாணா செய்யறது, பேஜாரா போச்சே" என்றாள். ஆட்டோ ஓட்டுகிற நான் என்னத்தைச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். சித்தப்பாவைக் கொண்டுவந்து என் ஆட்டோவிலேயே உட்கார வைத்திருந்தேன். சிவப்பு இடத்தில் மோட்டாரே சுற்றாதபடி அந்த மிஷினுக்குள் பூட்டு வைத்திருக்கிறார்கள். சுற்றாது என்று தெரிந்துதான் அவள் கொண்டுவந்தாள். சொன்னால் நம்பாதவர்கள் கண்ணால் பார்த்தாவது நம்பட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. ரிமோட்டைக் கையில் எடுத்தாள். மிஷின் இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டு அப்படியே கிடந்தது. பிள்ளைகள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"எங்க கடமைய நாங்க செஞ்சிட்டோம்" என்று சம்பந்தம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவங்க மொறைல அவங்க எறங்கல. மொற தப்பிப் பூட்ச்சி. நாளைக்குக் கொற சொல்லக் கூடாது." ஏரியில் உள்ள சட்டமும் அதுதான். உன் நாளில் நீ வலை போடாவிட்டால் பாடு அடுத்தவனுக்குப் போய்விடும்.

மறுநாள் காலையில் ஜெபா இறால் தடவப் போனாள். அவள் கரையேறும்போது சரக்கைச் சந்தைக்கு ஏற்றிப்போக நான் வண்டியோடு நின்றிருந்தேன். சித்தப்பாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் வருத்தமே இல்லை.

"வுடும்மா. மொற வந்தும் மீன் வுழாத நாளு எத்தினியோ பேருக்கு இருக்குது. அடுத்த மொற எப்பன்னு சம்பந்தத்த கேட்டுக்கினு வந்துடட்டா?"

அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்தது. ஈரத்தோடு நின்றபடியே கத்தினாள். "யார நைனா கேப்ப? வானம் இன்னா அவங்களுதா? அவங்களுது இல்லாதத அவங்க எப்டி நைனா குடுப்பாங்க? ஏமாத்தறாங்க, நீயும் கைகட்டிப் போய் நின்னுக்கினு கீற!"

கத்தி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். பேசியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, அவர் கையைப் பிடித்தாள்.

சித்தப்பா கோபப்படவில்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். பிறகு, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அப்போ ஏரி யாருதும்மா?"

ஜெபா கழுத்திலிருந்து கூடையைக் கழற்றினாள். நான் கூடையை வாங்கி வண்டியில் வைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அடுத்து என் பக்கம் திரும்பிக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.