படமெடுக்க வந்த பம்பி

கிளிநொச்சியில், விவசாயிகளுக்குச் சூரியசக்தி நீர்ப்பம்பி வழங்கும் அறக்கட்டளை ஒன்றில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன். ஒருநாள் எங்கள் இணைப்பாளர், "காசு தந்தவைக்கு அறிக்கை இண்டைக்கே போகவேணும். கையெழுத்தை முதல் வாங்குங்கோ, பம்பி அங்கேயே நிக்கும்தானே" என்றார். நம்பினேன். உருத்திரபுரத்தில் என் அயலவரான செல்வியக்கா, பம்பியோடு படத்துக்கு நின்று, 'பெற்றுக்கொண்டேன்' என்ற படிவத்தில் எனக்காகவே ஒப்பமிட்டார்.

பின்னேரமே எங்கள் அலுவலக ஆட்கள் பம்பியைக் கழற்றி, அடுத்த ஊரில் படமெடுக்கக் கொண்டுபோனார்கள். அது திரும்பி வரவேயில்லை. செல்வியக்காவின் மிளகாய்க் கன்றுகள் கருகின.

நான் கொதித்துப்போய்க் கேட்டபோது, இணைப்பாளர் தலை நிமிராமலே, "கையெழுத்து வாங்கினது நீங்கள்தானே?" என்றார்.

செல்வியக்காவும் அதையேதான் கேட்டார்: "கையெழுத்து வாங்கினது நீதானே, பிள்ளை?"

இப்போதெல்லாம் பம்பித் தண்ணீரில் என் கால் நனைந்த பிறகுதான் படிவத்தை நீட்டுகிறேன். செல்வியக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை.