அத்தை அளந்த வயிறு

எங்கள் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருந்த அவளை 'இஞ்சி டேப்' என்றால்தான் தெரியும். வயிறு வீங்கிய குழந்தை வந்துவிட்டால், தொப்புளுக்கு மேல் பேனாவால் கோடு போட்டு, வேளை தவறாமல் சுற்றளவு எடுப்பாள். எங்களில் யாராவது டேப்பை இறுக்கிவிட்டால் தொலைந்தோம். வயிற்றை அளக்கச் சொன்னால் கழுத்தை நெரிக்கிறாயே என்று வார்டே சிரிக்கும்படி திட்டுவாள்.

தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்தவள். தம்பிக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை எங்கள் வார்டுக்கே வந்தது. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. வலப்பக்கம் கைக்குக் கட்டி தட்டுப்பட்டது. புற்றோ என்று பயந்தோம். எக்ஸ்ரேயில் கட்டியைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொட்டுகளைப் பார்த்ததும் சர்ஜனுக்குப் பிடிபட்டது. கருவிலேயே குடலில் ஓட்டை விழுந்து முதல் மலம் கசிந்திருக்கிறது, உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டியிருக்கிறது என்றார். புற்றில்லை என்றதும் அவள் அழுதேவிட்டாள். சர்ஜன் வயிற்றைத் திறந்து, கசடை வடித்து, கெட்டுப்போன குடலை வெட்டிவிட்டு, முனைகளைச் சேர்த்துத் தைத்தார்.

சொந்தக்காரர் குழந்தையை யாரும் கவனிக்கக் கூடாது என்பது வார்டு வழக்கம். இவள் கெஞ்சிக் கூத்தாடித் தலைமை நர்ஸைச் சம்மதிக்க வைத்தாள். அந்த அம்மாளின் இரக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வயிறு நாளுக்கு நாள் வற்றியது. ஒவ்வொரு தடவையும் அளந்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தம்பி மனைவியிடம் விரலால் 'குறைஞ்சிருக்கு' என்று காட்டுவாள். பெற்றவள் அதை நம்பித்தான் ஒரு வாய் சாப்பிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் வேலைக்கு வந்து நான் அளந்தபோது வயிறு மறுபடி பெருத்திருந்தது. மத்தியானம் அவள் எழுதிய அளவு எங்கே, இது எங்கே! குழந்தையின் வயிற்றுத் தோல் மினுமினுத்தது. நான் கேட்கும் முன்பே அவள் சொன்னாள்.

"கொஞ்சம் இறுக்கிட்டேன்டி. அவ பாத்துக்கிட்டே நின்னா. கூடிருச்சுன்னு எப்படிக் காட்டுறது?"

தையல் விட்டிருந்தது. மறுபடி திறந்தார்கள். அதற்குள் நஞ்சு உடம்பெல்லாம் ஏறிவிட்டது. மறுநாள் குழந்தை இறந்தது. சர்ஜனிடம் அவளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். மத்தியானமே தெரிந்திருந்தாலும் பிழைத்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார் அவர். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

பால் கட்டிய மாரோடு வாசலில் நின்ற தம்பி மனைவி அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உள்ள இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அண்ணி நான் தூங்கினேன். இனி ஒண்ணு பொறந்தாலும் உங்க கையிலதான் குடுப்பேன்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் தம்பி, வேண்டாம் என்று தலையாட்டினான். டேப்பை இறுக்கிய விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"சரிம்மா" என்றாள்.