பேர் போடாத படம்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. மாடி அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். சமையல் என் பாடு. விருந்தாளிகளோடு பேசிச் சிரிப்பது கணவரின் பாடு. எது கஷ்டம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எர்ணாகுளத்தில் வக்கீலாக இருக்கும் என் தோழி ஒருநாள் போன் செய்தாள். தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியை, கதை எழுதுகிறவர். தன் ஊர்த் தேர்வடத்தை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதை ஒரு கதையில் எழுதிவிட்டார். ஊரில் சிலர் புத்தகத்தைப் பஸ் ஸ்டாண்டில் கொளுத்திவிட்டு, வீட்டின் மேல் கல்லெறிந்து, மேடையேறி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். கொஞ்ச காலத்துக்கு ஓர் அறை வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது என்றாள். நான் வாய் திறக்குமுன், "வரட்டும், ஒரு குழப்பமும் இல்ல" என்று பக்கத்திலிருந்து உரக்கச் சொன்னவர் கணவர்தான். அன்றைக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

வந்தவளுக்கு என் தங்கை வயது. என்னை அக்கா என்றாள். இவர் இந்த ஊர் வழக்கப்படி அவளை டீச்சர் என்றார். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த கதையை எழுத உட்கார்ந்தால், மதியச் சோற்றுக்குத்தான் இறங்கி வருவாள்.

இவருக்கு ஒரு பழக்கம். தங்க வருகிறவர்களைப் புட்டும் கடலையுமாக உட்காரவைத்துப் படம் பிடித்து, ஹோம்ஸ்டேயின் இணையப் பக்கத்தில் போட்டுவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் படத்தையும் போட்டுவிட்டார். 'எங்கள் அன்பு விருந்தாளி' என்று ஒரு வரி வேறு.

"உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினேன்.

"எல்லாரையும் போட்டுட்டு டீச்சரை மட்டும் விட்டா மோசமில்லையா? பேரு போடலையே!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். படத்தை உடனே எடுக்கவைத்தேன். ஆனால் அது போகக்கூடாதவர்களிடம் போய்விட்டிருந்தது. சாயங்காலமே ஹோம்ஸ்டே எண்ணுக்கு அழைப்பு வந்தது. அவளை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் நாங்கள் வருவோம் என்றது ஒரு குரல். தோழி போலீசில் புகார் கொடுத்தாள், வந்து விசாரித்தார்கள். அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை.

இவர் சுருண்டுபோனார். ஒருநாள் மதியம் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, "டீச்சரே, ஒரு காரியம் சொல்லட்டா? கொஞ்ச காலத்துக்கு எழுத்து வேண்டாம். நல்லா சாப்பிடுங்கோ, வைப்பின் தீவுக்கு போட்டில போயிட்டு வாங்கோ. எழுதலைன்னு தெரிஞ்சா அவங்களும் அடங்கிருவாங்க" என்றார். நானும் மறுத்துப் பேசவில்லை. அந்த நேரத்தில் நியாயமாகவே பட்டது. மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டாள். "அண்ணே, அவங்க கல்லெறிஞ்சு சொன்னதை நீங்க சோறு போட்டுச் சொல்றீங்க. எழுதாம இருக்கறதுக்கு நான் எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? ஒரு மன்னிப்பைக் கேட்டுட்டு என் வீட்டிலயே இருந்திருப்பேனே."

கோபமே இல்லாமல் சொன்னாள். கை கழுவிவிட்டு மாடிக்குப் போனாள். சற்று நேரத்தில் துணிகளை எடுத்துவைக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அறையும் சாப்பாடும் கதவுக்குத் தாழ்ப்பாளும் கொடுத்துவிட்டால் அடைக்கலம் கொடுத்தாயிற்று என்று இருந்தோம். அவள் வந்தது அதற்காக மட்டுமல்ல.

அப்போது போன் அடித்தது. நான் எட்டுவதற்குள் இவர் எடுத்துவிட்டார்.

"அந்தப் பொம்பள இன்னும் அங்கதான் இருக்காளா?" என்று அந்தக் குரல் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"உண்டு. மேல இருக்காங்க" என்றார் இவர். "எழுதிக்கிட்டிருக்காங்க."

போனை வைத்தார். மாடிப்படியின் கீழே போய் நின்று, மேலே பார்த்து உரக்கச் சொன்னார்:

"டீச்சரே, என்னைப் பொய்யனாக்கிடாதீங்கோ."