உதறிக் காட்டிய மடி

ஊரார் பையில் கைவிட்டுச் சம்பளம் வாங்குகிற தொழில் பார்த்தவள் நான். போடிமெட்டு மலையடிவாரத்து நீர்விளையாட்டுப் பூங்காவில், பெண்கள் வரிசைக்குக் காவல். எங்கேயாவது ஒரு வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு கூசி நின்றிருப்பீர்கள் அல்லவா, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நிற்கிற உங்களுக்கு மட்டுமல்ல, தடவுகிற எனக்கும் எரிச்சல்தான். மூன்று மெமோ வாங்கினால் வேலை போய்விடும் என்பது அங்கே சட்டம்.

பச்சை விளக்கு

வாசலில் ஒரு கதவுச் சட்டம் நிற்கும். இரும்போடு நுழைந்தால் அது கத்த வேண்டும். போன மழையில் இடி இறங்கியதோடு அதன் சத்தம் அடங்கிவிட்டது. மேனேஜர் அதைப் பழுது பார்க்கவில்லை. உச்சியில் ஒரு பச்சை பல்பை மாட்டிவிட்டு, "பாக்குறவங்களுக்கு ஒரு பயம் இருந்தா போதும்மா" என்றார்.

ஒருநாள் தேவாரத்திலிருந்து வந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார். இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை எடுத்து என் மேசையில் வைத்தார். சட்டம் செத்துக் கிடப்பதை எழுதிக் கொடுத்தேன். 'அதிகப்பிரசங்கம்' என்று எனக்கு முதல் மெமோ வந்தது. தோப்புக்காரர் கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "பழக்கதோசத்துல செருகிட்டு வந்துட்டேன்த்தா. ஒங்க மெசினு ஒண்ணுமே கேக்கலையே?"

தூக்குச்சட்டி

கத்தி போகலாம், சோறு போகக்கூடாது. உள்ளே கேண்டீன் இருக்கிறதே! ராசிங்காபுரத்துக் குடும்பம் ஒன்று தூக்குச்சட்டியில் புளிச்சோறும், கைப்பிள்ளைக்குக் குழைத்த பருப்புச்சோறும் கொண்டுவந்தது. பிள்ளைச்சோற்றை மட்டும் விட்டேன். கேமராவில் பார்த்துவிட்டு இரண்டாவது மெமோ கொடுத்தார்கள். புளிச்சோற்றைப் பிடுங்கி வைத்த பாவத்துக்கு, அந்தப் பிள்ளையின் அப்பத்தா என் முகத்துக்கு நேரே கேட்டார்: "புளிச்சோறு என்ன வெடிக்கவா போகுது, தாயி?"

வரிசை

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஜீப்பில் இறங்கி வந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வாடகை நீச்சலுடுப்பு குறையுது. வெளிய போறப்ப இவங்கள நல்லா சோதன போடு" என்றார். காரில் வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எட்டு வருடம் மலையில் ஏலக்காய் பறித்தவள். வேலை முடிந்து கிளம்பும்போது, காயை ஒளித்திருக்கிறோமா என்று தோட்டத்துக் கேட்டில் சேலை மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவோம்.

சாயங்காலம் அவர்கள் வெளியே வந்தார்கள். நான் வாயையே திறக்கவில்லை. என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும், ஒருத்தி பின் ஒருத்தியாக நின்று, சிரித்துப் பேசிக்கொண்டே மடியை அவிழ்த்து உதற ஆரம்பித்தார்கள். டிக்கெட் எடுத்து விளையாட வந்த இடத்தில்! ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. கையிலிருந்த சோதனைக் கருவியை மேசையில் போட்டுவிட்டு, "யாரும் ஒதற வேணாம், நேராப் போங்க!" என்று கத்தினேன். மேனேஜர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். முதலில் நின்றவள் நகரவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்: "நீ பாக்காம விட்டா எங்களுக்குத்தான மதினி கெட்ட பேரு? வெரசா பாத்துட்டு விடு."

நான் பார்க்கவில்லை.

இரண்டு வருடக் காவலில் நான் பிடித்ததெல்லாம் சோற்றுச் சட்டிதான். வேலை போனதோ, பன்னிரண்டு பெண்களை மடி உதறாமல் அனுப்பியதற்கு.