மீன் படத்தில் இரண்டு தட்டு

சவூதியின் தம்மாம் கேம்ப்பில் எங்கள் ஸ்டோர் கீப்பர், போனின் திரையை எப்போதும் நெஞ்சுப் பக்கம் திருப்பியே சட்டைப்பையில் வைப்பார். லீவு முடிந்து மூக்குத்தோல் உரிந்து வந்தவர், கரீபியன் தீவில் பாய்ப்படகு ஓட்டியதாகச் சொன்னார். ஊருக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவரும் முறுக்கு, ஊறுகாய் எதுவும் கொண்டுவரவில்லை. காட்டிய படங்களில் கடலும் மணலும் சுட்ட மீனும்தான் இருந்தன. கடற்கரைக்காரனான நான் மடக்கப் பார்த்தேன்.

“அண்ணே, காத்து பலமா அடிச்சா படகுல எந்தப் பக்கம் உக்காருவீய?”

“காத்து வாற பக்கம். இல்லன்னா கவுத்திரும்லா தம்பி.”

சரியான பதில். அப்படியானால் போயிருக்கிறார். ஆனால் மீன் படத்தில் இரண்டு தட்டுகள் இருந்தன. கிளம்புவதற்கு முன், லீவு கிடைக்கவில்லை என்று ஊரிலிருக்கும் மனைவியிடம் அவர் போனில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

“கூட யாருண்ணே?”

போன் பைக்குள் போனது. “கலாஸ், பேச்சு முடிஞ்சுது. டூட்டிக்கு நேரமாச்சு.”

அன்று வெள்ளிக்கிழமை. கேம்ப்புக்கே விடுமுறை.